கழுவிய வீடு

முதல் வெள்ளம் வடிந்த அன்று காலை நான் செய்த முதல் வேலை, வீட்டைக் கழுவியது. அதனால்தான் எனக்கு வீடு கிடைக்காமல் போனது என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். சேறு அப்பிய சுவரைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

எங்கள் தோட்டம் சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் போகிற மலைச் சாலையில் பாதி வழியில் உள்ளே திரும்பினால் வரும். ரப்பர் இருந்த காலத்தில் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்கள் வரிசை வரிசையாக இருந்தன. ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்த பிறகு ஒவ்வொன்றாக இடித்துவிட்டார்கள். பழம் வெட்ட வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு மேட்டில் புதுக் குடியிருப்பு. ஆற்றை ஒட்டிப் பள்ளத்தில் ஒரே ஒரு பழைய லயம் மட்டும் மிஞ்சியது. அதில் ஒரு கதவு என்னுடையது, பக்கத்துக் கதவு அக்காவுடையது.

கூடப் பிறந்த அக்கா இல்லை. என்னைவிடப் பல வயது மூத்தவர், நான் கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த நாளிலிருந்து பக்கத்து வீடு. என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டியவர். அவர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்குப் பேச்சுத்துணை அக்காதான். என் மகள் ஜொகூரில் வேலை பார்க்கிறாள், அக்காவின் மகன் கிள்ளானில். நான் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறேன். காலையில் மோட்டார் சைக்கிளில் போய் மத்தியானம் திரும்புவேன். வந்து சட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: "என்னா தங்கச்சி, இன்னிக்கு என்னா மிச்சம்?"

குரல் மேலே இருந்து வரும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரை போகாது. கீழே சிமெண்டு, மேலே பலகை, அதற்கு மேல் ஒரு கை நீளத்துக்குத் திறந்தே கிடக்கும். அவர் அங்கே கருவாடு பொரித்தால் நான் இங்கே தும்முவேன். நான் இங்கே டிவியில் நாடகம் போட்டால் அவர் அங்கே படுத்துக்கொண்டு கதை கேட்பார். "சத்தத்தக் கூட்டு தங்கச்சி, மாமியாக்காரி என்னா சொல்றான்னே கேக்கல" என்பார். அவர் வீட்டிலும் டிவி இருந்தது. ஆனாலும் என் டிவியைத்தான் கேட்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகாது. அக்காவுக்கும் துடைப்பத்துக்கும் ஆகாது. அடுப்பு மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு, சுவரில் ஒட்டடை, தரையில் நேற்றைய வெங்காயத் தோல். கேட்டால், "இது நான் இருக்குற வீடு லா, பெருமாள் கோயிலு இல்ல" என்று சிரிப்பார். நான் ஒரு தடவை அவர் இல்லாத நேரத்தில் உள்ளே போய் அடுப்பைத் தேய்த்து வைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என் சுத்தம் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர். அந்தக் காலத்தில் சனிக்கிழமை ஆனால் சின்ன துரையும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரும் லயம் பார்க்க வருவார்கள். வாசல் வாசலாக நின்று எட்டிப் பார்ப்பார்கள். கால்வாயில் சோற்றுப் பருக்கை கிடந்தாலும் போச்சு, திங்கட்கிழமை விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் எல்லா ஆட்களுக்கும் முன்னால் பெயர் சொல்லி ஏசுவார்கள். அம்மா ஒரு நாளும் ஏச்சு வாங்கியதில்லை. சனிக்கிழமை காலையில் எங்களை வெளியே விரட்டிவிட்டு, தேங்காய் நார் போட்டுச் சுவரைத் தேய்ப்பார். துரை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனால் அன்றைக்கு எங்களுக்கு மீன் குழம்பு. அதிகாரி வருகிறார் என்றால் வீட்டைக் கழுவ வேண்டும். எனக்கு எழுத்துத் தெரிவதற்கு முன்பே இது தெரியும்.

இனி மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஆண்டுக் கடைசியில் ஆறு பெருகும், லயத்துக்குப் பின்னால் இருக்கும் கால்வாய் வரை வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். பயந்ததே இல்லை. பிறகு மழைக்குக் கிறுக்குப் பிடித்தது. வெயில் என்றால் செம்பனை ஓலையே கருகுகிற வெயில், மழை என்றால் ஒரே மத்தியானத்தில் ஒரு மாத மழை. டிவியில் பருவநிலை மாற்றம் என்று படம் போட்டு விளக்கினார்கள். பனிக்கரடியைக் காட்டினார்கள். ஆற்றங்கரை லயத்தைக் காட்டவில்லை.

முதல் வெள்ளம் ஒரு மத்தியானம் வந்தது. நான் கேண்டீனிலிருந்து வந்து மோட்டாரை நிறுத்தும்போது தண்ணீர் கணுக்காலில் இருந்தது. அக்காவைக் கையைப் பிடித்து மேட்டுக்கு ஏற்றுவதற்குள் இடுப்புக்கு வந்துவிட்டது. எங்களைப் பள்ளி மண்டபத்துத் துயர் துடைப்பு மையத்துக்குக் கூட்டிப் போனார்கள். சோறு போட்டார்கள், பாய் கொடுத்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. பாயைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தோம். அக்கா ராத்திரி முழுக்கப் பேசினார், நடுவில் சுவர் இல்லாததால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

திரும்பி வந்தபோது சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எல்லாம் பழுப்புச் சேறு. வீட்டு உதவிக்காக அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள் என்று மண்டபத்திலேயே சொல்லியிருந்தார்கள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தேன். அக்கா வெளியே ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து நிவாரணப் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தார்.

"கழுவாத தங்கச்சி. ஆளுங்க வந்து பாத்துட்டுப் போவட்டும்."

"வர்றவங்க பாக்குறப்ப வீடு இப்படியா இருக்கும்? என்னா நெனைப்பாங்க?"

"இப்படி இருந்தாத்தான் குடுப்பாங்க லா."

நான் கேட்கவில்லை. சோம்பேறித்தனத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அன்று முழுக்கவும் மறுநாளும் தேய்த்தேன். தீபாவளிக்கு வாங்கிப் பரண் மேல் வைத்திருந்த வெள்ளைச் சாயம் நனையாமல் இருந்தது. அதையும் எடுத்து அடித்தேன். கோடு போன இடம் தெரியவில்லை.

அதிகாரிகளில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும், காலில் ரப்பர் பூட்ஸ், கையில் கைப்பேசி. முதலில் அக்கா வீட்டுக்குள் கால் வைத்தாள், வழுக்கிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள், படம் படமாக எடுத்தாள். பிறகு என் வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். "ஆண்ட்டி, உங்க வீடு நல்லா இருக்கே. ரொம்ப க்ளீனா வச்சிருக்கீங்க" என்றாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. உட்கார வைத்துத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். அம்மா இருந்திருந்தால் அன்றைக்கு மீன் குழம்பு வைத்திருப்பார்.

கொஞ்ச நாளில் முடிவு வந்தது. மோசமாகச் சேதமான வீட்டுக்காரர்களுக்குச் சிரம்பான் பக்கத்துப் பாரோயில் மலிவு வாடகை அடுக்குமாடி வீடு. லயத்தில் மிஞ்சியிருந்த எல்லாக் குடும்பத்துக்கும் கிடைத்தது. வேலைக்குப் போகிறவர்கள், கழுவ நேரமில்லாமல் போட்டிருந்தவர்கள், எல்லாருக்கும். எனக்கு லேசான சேதமாம். ஒரு மெத்தைக்கும் ஓர் அடுப்புக்கும் உதவி கொடுத்தார்கள்.

மோட்டாரை எடுத்துக்கொண்டு அவர்கள் அலுவலகத்துக்குப் போய் முகப்பில் இருந்த ஆளிடம் கேட்டேன். ஒரே லயம், ஒரே கூரை, ஒரே ஆறு. தண்ணீர் என் வாசலில் வந்து நின்று, இது சுத்தமான வீடு, வேண்டாம் என்று அடுத்த வீட்டுக்குப் போயிற்றா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வெள்ளம் வந்த அன்றைக்கு எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று பொறுமையாகக் கேட்டார். தன் வீட்டு அசிங்கத்தைத் தானே யாராவது படம் எடுத்து வைப்பார்களா? இல்லை என்றேன். படம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். அடுத்த தடவை என்றால் அடுத்த வெள்ளம் என்று வீட்டுக்கு வருகிற வழியில்தான் உறைத்தது.

அக்கா போன அன்று நான் கேண்டீனுக்கு லீவு போட்டேன். சாமான்களை லோரியில் ஏற்றினோம். பாதி சாமான் சேற்றோடு ஏறியது.

"நீயும் வந்துருவ தங்கச்சி. எம் பக்கத்து வீடு காலியாத்தான் கெடக்காம். வேற ஆளு வராமப் பாத்துக்குறேன்" என்றார்.

"நீங்க எப்படிப் பாத்துப்பீங்க?"

"கருவாடு பொரிக்கிறேன். ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்."

இரண்டு பேரும் சிரித்தோம். லோரி சாலைக்குத் திரும்பியது. எனக்கு வேண்டியிருந்தது ஏதோ ஓர் அடுக்குமாடி வீடு இல்லை. அக்காவுக்குப் பக்கத்து வீடு.

அதற்குப் பிறகு அந்த லயத்தில் நான் ஒருத்திதான். காலி வீடுகளில் கதவையும் ஜன்னலையும் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். கேண்டீனிலிருந்து வந்து சட்டியை இறக்கி வைத்ததும் ஒரு நிமிடம் நிற்பேன். மேலே இருந்து குரல் வராது. தெரிந்தும் நிற்பேன். சாயங்காலம் டிவியைப் போட்டால் கை தானாகச் சத்தத்தைக் கூட்டும். ஒரு நாள், "அக்கா, கேக்குதா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பல்லிதான் இருந்தது. அன்றைக்கு நாடகத்தைப் பாதியில் அணைத்துவிட்டுப் படுத்தேன். தனியாக இருப்பது எனக்குப் பழக்கம் என்று அதுவரை நினைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருந்ததால்தான் அப்படி நினைக்க முடிந்தது.

மகள் வந்துவிடச் சொன்னாள். அவளே ஓர் அறையைத் தோழிகளோடு பங்கு போட்டு இருக்கிறாள். நான் போய் எங்கே படுப்பது? அக்காவிடம் போனில் பேசுவேன். "எப்படிக்கா இருக்கு?" என்றால், "நல்லாத்தான் இருக்கு லா. லிஃப்ட்டு இருக்கு. தண்ணி ஏறாது" என்பார். அதற்கு மேல் பேச்சு ஓடாது. சுவர் மேலே வழிந்து வந்த பேச்செல்லாம் போனுக்குள் நுழைய மாட்டேன் என்றது. வாரா வாரம் பேசியது மாதத்துக்கு ஒன்றானது.

இரண்டாவது வெள்ளம், வரவே கூடாத ஒரு மாதத்தில் வந்தது. எங்களுக்கு மேலே மலைச்சரிவில் பழைய மரங்களைத் தள்ளிவிட்டு மறுநடவுக்காக மொட்டையாக விட்டிருந்தார்கள். தண்ணீரோடு மண்ணும் இறங்கி வந்தது. மண்டபத்தில் அந்தத் தடவை எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் படுத்திருந்த மலாய்க்காரக் குடும்பம் எனக்கு ஒரு போர்வை கொடுத்தது. அந்த அம்மாள் என்னிடம் ஏதேதோ அன்பாகக் கேட்டார். நானும் பதில் சொன்னேன். ஆனால் விளக்கை அணைத்த பிறகு பேச ஆள் இல்லை.

வீட்டுக்குத் திரும்பினேன். கோடு இந்தத் தடவை நெஞ்சு உயரம். வாளியை எடுத்தேன். எடுத்த வாளியைக் கீழே வைத்தேன்.

அது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. சாமி மாடம் கோட்டுக்கு மேலே இருந்ததால் தப்பித்தது. அதை மட்டும் துடைத்தேன். படுக்கக் கட்டில், சமைக்க மேசை. மற்றதெல்லாம் சேறு. காய்ந்து வெடித்து நாறியது. காலையில் எழுந்ததும் கை துடைப்பத்தைத் தேடும். கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு ஓடுவேன். மேட்டுக் குடியிருப்பிலிருந்து ஒரு வங்காளதேசத்து ஆள் தண்ணீர்க் குழாயோடு இறங்கி வந்தான், கழுவித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். அவன் என்னையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பைத்தியம் என்று நினைத்திருப்பான். பாவம், நல்ல மனுஷன்.

அதிகாரிகள் வர நாளாயிற்று. வந்தபோது அதே பெண்தான். வாசலில் நின்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன ஆண்ட்டி இது? இதுக்குள்ளேயா இருக்கீங்க? கொஞ்சமாவது கழுவக் கூடாதா?"

அவள் திட்டவில்லை, பரிதாபப்பட்டாள். ஆனால் அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வை விழக்கூடாது என்றுதான் அம்மா ஆயுள் முழுக்கச் சுவரைத் தேய்த்தார். முதல் வெள்ளத்துக்கும் இரண்டாம் வெள்ளத்துக்கும் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

"போன தடவ நீ வந்தப்ப உனக்குத் தேத்தண்ணி குடுத்தேன்மா. க்ளீனா இருக்குன்னு சொன்ன. ஞாபகம் இருக்கா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள். "சாரி ஆண்ட்டி, நிறைய வீடு பாக்குறோம்" என்றாள். பிறகு சுவரைப் படம் எடுத்தாள், தரையை எடுத்தாள், கோட்டுக்குப் பக்கத்தில் என்னையும் நிற்கச் சொல்லி எடுத்தாள். எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் நான் அந்த அழுக்கோடு நிற்கிறேன்.

வீடு கிடைத்தது. பாரோயில், அக்கா இருக்கிற அதே இடம். ஆனால் வேறு புளோக். கருவாட்டுக்கு எல்லாம் பயப்படாத யாரோ ஒருவர் அக்காவின் பக்கத்து வீட்டுக்கு எப்போதோ குடிவந்துவிட்டார். எந்த வீடு காலியோ அதுதான் கொடுப்பார்கள், யார் பக்கத்தில் யார் என்றெல்லாம் அவர்கள் கணக்கில் இல்லை. இதைச் சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள். நன்றி இருக்கிறது. குறையும் இருக்கிறது.

என் புது வீடு உயரத்தில். தகரக் கூரை இல்லாததால் மழை பெய்வதே காதில் விழாது. சுவர்கள் எல்லாம் கூரை வரை போகின்றன. குடிவந்த முதல் நாள் பாத்திரங்களை எடுத்து வைத்துவிட்டுச் சும்மா ஒரு சட்டியை ஓங்கி இறக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா என்பதே தெரியவில்லை.

அக்காவைப் பார்க்கப் போனது மறுநாள். மழை. இரண்டு புளோக்குக்கும் நடுவில் இருக்கிற செம்மண் திடலைக் கடப்பதற்குள் சிலிப்பர், பாதம், சேலை ஓரம் எல்லாம் சேறு. மணி அடித்தேன். கம்பிக் கதவைத் திறந்த அக்கா கொஞ்சம் இளைத்திருந்தார். அவருக்குப் பின்னால் வீட்டைப் பார்த்தேன்.

தரை பளபளத்தது. ஜன்னல் வெளிச்சம் அதில் அப்படியே விழுந்து கிடந்தது. அடுப்பு மேடையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. நாற்காலிகள் சுவரை ஒட்டி வரிசையாக, யாரும் உட்காராத மாதிரி. கருவாட்டு வாசனைகூட இல்லை. தப்பான கதவைத் தட்டிவிட்டேனோ என்று இருந்தது.

"யாரு கழுவுனா அக்கா?"

"நாந்தான். காலைல ஒரு தடவ, சாய்ங்காலம் ஒரு தடவ."

"நீங்களா?"

"வேற என்னா வேல எனக்கு? கழுவுனா கழுவுன மாதிரியே கெடக்கு. அழுக்காக்க யாரு இருக்கா தங்கச்சி."

நல்லாத்தான் இருக்கு லா என்று போனில் சொன்னதெல்லாம் இந்தத் தரையின் மேல் நின்று சொன்னது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் என் தனிமையையே பெரிதாக நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன்.

என் காலைப் பார்த்தேன். கழுவக் குழாய் எங்கே என்று கேட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "அப்படியே வா."

போனேன். வாசலிலிருந்து சமையலறை வரை சிவப்பாக என் பாதம் பதிந்தது. அக்கா தேத்தண்ணி போட்டார். பேசினோம். கேண்டீனில் என்ன மிச்சம் என்று கேட்டார். வங்காளதேசத்து ஆள் என்னைப் பைத்தியம் என்று நினைத்த கதையைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் துடைக்கிற துணியைத் தேடினேன். கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்கப் போனவளின் கையைத் தட்டிவிட்டார்.

"இருக்கட்டும் தங்கச்சி."

"சேறு அக்கா. காஞ்சா போவாது."

"இருக்கட்டும்னு சொல்றேன்ல."

மறுநாள் கேண்டீனிலிருந்து நேராக அவர் வீட்டுக்குத்தான் போனேன். கதவு திறந்தே இருந்தது. என் கால்தடம் வாசலிலிருந்து சமையலறை வரை காய்ந்து கிடந்தது. அக்கா அதை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்து, என் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டார்.